பை நிறையக் கடிதங்கள்: கனடாவில் குடியேறுகிறவருக்கு உதவி எந்தக் கதவால் வருகிறது

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் ஒரு நூலகத்தின் பின்பக்க அறையில், இலவசமாக வரிக்கணக்கு நிரப்பிக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார், கையில் மரக்கறி வாங்கும் துணிப்பை. பைக்குள் மரக்கறி இல்லை, முழுக்கக் கடிதங்கள், அதில் பாதிக்கு மேல் உடைக்கவே இல்லை. "தம்பி, எல்லாம் இங்கிலீசில கிடக்கு. உடைச்சால் ஏதும் பிரச்சினை வந்திடுமோ எண்டு பயத்தில அப்பிடியே வச்சிட்டன்" என்றார். கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை. இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஒன்பது வயது.

கடிதங்களை மூன்று குவியலாகப் பிரித்தோம். முதல் குவியல் குப்பைக்கு: கிரெடிட் கார்ட் விளம்பரம், பீட்சா தாள், வீடு விற்கிறவர்களின் சிரித்த முகங்கள். இரண்டாவது குவியல் வைத்திருக்க வேண்டியவை. மூன்றாவதில் வந்தது ஒரேயொரு கடிதம், கனடா வருமான வரி முகமையிலிருந்து. பிள்ளைகளுக்கான மாதக் காசு நிறுத்தப்பட்டிருக்கிறது, ஏனென்றால் மனைவியின் வரிக்கணக்கு வந்து சேரவில்லை. அவருக்கு வருமானமே இல்லை, பிறகு எதற்கு வரிக்கணக்கு? "டாக்ஸ் உழைக்கிற ஆக்கள் தானே கட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் வரிக்கணக்கு என்பது வரி கட்டுவதற்கு மட்டும் இல்லை, காசு வாங்குவதற்கும் அதுதான் வாசல். கணவன் மனைவி இரண்டு பேரும் வருடா வருடம் கணக்குக் கொடுத்தால்தான் ஜூலையில் தொடங்கும் புதிய சுற்றுக்குப் பிள்ளைக் காசு வரும். அவருக்கு ஜூலையோடு நின்றது, நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மார்ச்சில். ஒன்பது மாதம் அந்த வீட்டில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைச் சரிசெய்ய எடுத்தது ஒரு மணித்தியாலம். விட்டுப்போன கணக்கைக் கொடுத்தால் நின்ற காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கான சமூக உதவி என்றதும் பலருக்கும் நினைவு வருவது சாப்பாட்டுப் பொதி, குளிர் ஜாக்கெட், பழைய சோபா. அதெல்லாம் தேவைதான். ஆனால் உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கனமான வேலை இந்தக் கடிதம் வாசிக்கிற வேலைதான். ஒரு புது நாடு என்பது ஒன்றை ஒன்று கேட்கும் கடதாசிகளின் வரிசை. வேலைக்கு சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி எண் வேண்டும். வீடு வாடகைக்கு எடுக்க வேலைக் கடிதமும் கடன் வரலாறும் கேட்பார்கள், வந்து மூன்று வாரம் ஆனவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்? முகவரி இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது சிரமம், சுகாதார அட்டைக்கும் முகவரி வேண்டும். எதை முதலில் செய்தால் அடுத்தது தானாகத் திறக்கும் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை, இல்லாவிட்டால் ஒரு வருடம் இழுக்கும். அந்த ஆளைத்தான் இங்கே செட்டில்மென்ட் வேர்க்கர் என்கிறார்கள்.

இந்த வேலையைக் கனடாவில் அரசாங்கம் தொடங்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் செட்டில்மென்ட் ஹவுஸ் என்று சில வீடுகள் திறந்தன. 1910-இல் யூனிவர்சிட்டி செட்டில்மென்ட், 1912-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹவுஸ். லண்டனில் 1884-இல் தொடங்கிய டாயின்பி ஹால், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தொடங்கிய ஹல் ஹவுஸ், இவற்றின் வழிவந்தவை இவை. படித்தவர்கள் ஏழைகள் வாழும் தெருவிலேயே போய்க் குடியிருந்து, மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. அந்த உதவியில் 'உங்களை எங்களைப் போல் ஆக்குகிறோம்' என்ற எண்ணமும் கலந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது மாறத் தொடங்கியது, வந்தவர்கள் தாங்களே தங்களுக்கு அமைப்பு உண்டாக்கினார்கள். கட்டட வேலைக்கு வந்த இத்தாலியர்கள் 1960-களின் தொடக்கத்தில் கோஸ்டி என்ற தொழிற்பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அதே கோஸ்டி வாசலில் ஆப்கானியரும் சிரியரும் எரித்திரியரும் நிற்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்: தனக்காகக் கட்டிய படியை அடுத்து வருகிறவனுக்காக அப்படியே விட்டுவைப்பது. ஒன்ராறியோவில் இந்த அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான ஒகாசி என்ற கூட்டமைப்பு 1978-இல் உருவானது. மத்திய அரசு முறையாகக் காசு கொடுக்கத் தொடங்கியது 1974-இல், புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலையை இப்படியான அமைப்புகளிடம் ஒப்படைத்து. அன்று எடுத்த அந்த முடிவுதான் இன்றுவரை கனடாவின் முறை: காசு அரசுடையது, கை சமூகத்துடையது.

1976-இல் நிறைவேறி 1978-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. சாதாரண மக்களே சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுக்கலாம். ஐந்து பேர் சேர்ந்தாலும் போதுமாக இருந்தது, ஒரு தேவாலயம் என்றாலும் சரி. ஒரு வருடத்துக்கு வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம், வேலை தேடுவது எல்லாவற்றுக்கும் அவர்கள் பொறுப்பு. சட்டம் வந்த கையோடு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்கள் படகுகளில் கடலில் தத்தளித்த காலம் வந்தது. 1979-80-இல் கனடா எடுத்த அறுபதாயிரம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தனியாரால் பொறுப்பெடுக்கப்பட்டவர்கள். அதற்காக 1986-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் பதக்கத்தைக் கனடா நாட்டு மக்களுக்கே கொடுத்தார்கள். ஒரு தலைவருக்கோ அமைப்புக்கோ இல்லை, மக்களுக்கு.

அதே 1986-இல்தான், ஆகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டார். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கப்பல் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போனவர்கள் அவர்கள். கரை சேர்ந்ததும் ஒரு வருட அனுமதி கிடைத்தது, பெரும்பாலானவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். ஏன் அங்கே? அங்கேதான் ஏற்கெனவே வந்த தமிழர் இருந்தார்கள். இலங்கையில் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், அதற்கு முன்னாலேயே படிக்க வந்தவர்கள். அப்போது ரொறன்ரோ நடுவிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் டவுனின் உயர்ந்த மாடிகளில் ஒரு சின்ன வீட்டுக்குள் ஆறு ஏழு பேராக இருந்து, ஒருவருக்கு அகதிக் கேஸ் முடிந்தால் அவர் அடுத்தவருக்கு வழக்கறிஞரைக் காட்டி, ஒருவருக்கு உணவகத்தில் வேலை கிடைத்தால் அவர் தன்னோடிருந்தவரையும் அங்கே சேர்த்துவிட்டு, இப்படித்தான் முதல் பத்து வருடம் போனது. அதுவும் செட்டில்மென்ட் சேவைதான், யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் முறை நல்ல முறை, உலகத்தில் பல நாடுகள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகும் முறை. ஆனால் அதற்குள் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. யாருக்கு உதவி வேண்டும் என்பதைப் பார்த்து இந்தக் கதவு திறப்பதில்லை, கையில் என்ன கடதாசி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் திறக்கிறது.

ஆங்கில வகுப்பையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் லிங்க் வகுப்பு 1992-இல் தொடங்கியது. இலவசம், சேர்வதற்கு முன் மொழித்தேர்வு வைத்து எந்த நிலை என்று பார்ப்பார்கள். இது நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும், அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும். அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவருக்கு இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கும் இல்லை. ஒன்ராறியோ மாகாணம் நடத்தும் இ.எஸ்.எல். என்ற ஆங்கில வகுப்பு இந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளும். சில இடங்களில் இரண்டு வகுப்பும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறையில் நடக்கும். வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு அது என்ன தெரியும்? 'உங்களுக்கு இங்கே இடமில்லை' என்பது மட்டும்தான் காதில் விழும், 'பக்கத்து அறைக்குப் போங்கள்' என்பது விழாது. வீட்டுக்குப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

குடியுரிமை எடுத்தவருக்கு ஏன் வகுப்பு வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சராசரிக் குடும்பத்தைப் பாருங்கள். மனைவி வருகிறார், முதல் பிள்ளை, இரண்டாவது பிள்ளை, அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிடும். ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 18-இலிருந்து 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசவும் கேட்டு விளங்கவும் தெரியும் என்று காட்டவேண்டும், அதுவும் கனேடிய மொழி அளவுகோலில் நான்காவது நிலைக்கு. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, பஸ் கேட்டுப் போய்வர அது போதும். வைத்தியரிடம் எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொல்ல, வேலைக்கான நேர்முகத்தில் பதில் சொல்லப் போதாது. கடைசிப் பிள்ளை முழுநாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, இனியாவது படிப்போம் என்று அவர் வெளியே வருகிற நேரத்தில், கையில் குடியுரிமை இருப்பதால் லிங்க் கதவு சாத்தியிருக்கும்.

இத்தனைக்கும் லிங்க் வகுப்பை வடிவமைத்தவர்கள் ஒரு விஷயத்தை மிகச் சரியாகப் பிடித்தார்கள்: பிள்ளை பார்க்கும் அறை. பல இடங்களில் வகுப்பு நடக்கும் அதே கட்டடத்தில், தாய் படிக்கும் நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை அப்படி ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு ஒரு தாய் பிள்ளையின் பூட்ஸைக் கழற்றி, பெயர் எழுதிய பெட்டிக்குள் வைத்து, அழுகிற பிள்ளையை அங்கிருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்கிறார். அழுகை நிற்க ஐந்து நிமிடம். நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறார். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் அந்த வகுப்பில் பெண்களே இருக்கமாட்டார்கள். பாடத்திட்டம், சோதனை, சான்றிதழ் என்று எவ்வளவோ பேசுகிறோம், இந்தச் சின்ன அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசு வெட்டும்போது இந்த அறையில்தான் முதலில் கை வைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

கடதாசி இன்னும் வராதவர்களின் நிலைமை இதைவிட மோசம். அகதிக் கோரிக்கை வைக்கிறவர்கள்தான் எல்லோரையும் விட அதிகம் தடுமாறுகிறவர்கள். வந்து இறங்கிய சில வாரங்களிலேயே தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான சம்பவங்களை நாள், இடம் தவறாமல் ஒரு படிவத்தில் எழுதவேண்டும், அதில் ஒரு திகதி பிழைத்தாலும் பிறகு விசாரணையில் 'அப்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள்' என்று கேட்பார்கள். கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைச் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு, அகதிக் கோரிக்கை வைத்தவரை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் சொன்னது 1985 ஏப்ரல் 4-இல். நேரில் கேட்கும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேர்விசாரணைக்கு அவரை ஆயத்தப்படுத்தும் சேவை? மத்திய அரசின் குடியேற்றச் சேவைகளில் பெரும்பாலானவை அவருக்கு இல்லை. மாகாணக் காசிலும் நன்கொடையிலும் ஓடுகிற இடங்கள்தான் தாங்குகின்றன. ரொறன்ரோவில் எஃப்.சி.ஜே. அகதிகள் மையம், ரொமேரோ ஹவுஸ் போன்றவை பல வருடங்களாக இதைச் செய்கின்றன. விசாரணை அறை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், மொழிபெயர்ப்பாளர் சொல்வது பிழை என்றால் எப்படிச் சொல்வது, இதையெல்லாம் முன்கூட்டியே காட்டிக் கொடுப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

2023 கோடையில் இந்தக் கோளாறு ரொறன்ரோ நடுத்தெருவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஜூன் மாதம் முதல், அகதிக் கோரிக்கையாளர்கள் மத்திய அரசின் பொறுப்பு என்று சொல்லி மாநகரம் அவர்களைப் பொதுவான தங்குமிடங்களில் சேர்க்காமல் திருப்பி அனுப்பியது. மத்திய அரசோ, தங்குமிடம் மாநகரத்தின் வேலை என்றது. ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் பீட்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள மாநகரத் தங்குமிட அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் மழைக்குள் படுத்தார்கள். கடைசியில் கூட்டிக்கொண்டு போனவர்கள் கறுப்பினத்தவரின் தேவாலயங்கள். பில்கிரிம் ஃபீஸ்ட் டேபர்னகிள்ஸ், ரிவைவல்டைம் டேபர்னகிள். வழிபாட்டு மண்டபத்தில் மெத்தை போட்டு, தங்கள் காசில் சமைத்துப் போட்டார்கள். ஜூலை நடுவில்தான் மத்திய அரசு நாடு முழுவதுக்குமாக 212 மில்லியன் டாலர் அறிவித்தது, அதில் 97 மில்லியன் ரொறன்ரோவுக்கு. யார் பொறுப்பு என்று கடதாசியைப் பார்த்து வாதாடிய அந்த ஆறு ஏழு வாரமும் சோறு போட்டவர்களிடம் இருந்தது ஒரு மண்டபமும் மனசும் மட்டும்தான்.

மருத்துவத்திலும் இதே கதை நடந்தது. அகதிகளுக்கான மத்திய அரசின் இடைக்கால மருத்துவக் காப்பீட்டை 2012 ஜூனில் வெட்டினார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர், கேஸ் எந்தக் கட்டத்தில் என்பதைப் பார்த்து, சிலருக்கு இன்சுலின்கூடக் கிடையாது என்ற நிலை. வெள்ளைக் கோட்டோடு வைத்தியர்கள் தெருவில் இறங்கினார்கள். 2014 ஜூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடூரமானது, அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. முழுவதும் திரும்பி வந்தது 2016 ஏப்ரலில்.

வேலை விஷயத்தில் நீட்டிப் பேசவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொறியியலாளர் டாக்ஸி ஓட்டுவதும், ஆசிரியை தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவதும். 'கனேடிய அனுபவம்' என்ற ஒரு சொல் எத்தனை பேரின் இருபது வருட உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கியது! அப்படிக் கேட்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கையாகவே சொன்னது, பிறகு சட்டமும் வந்தது. சட்டம் வருவது வேறு, நேர்முகத்தில் எதிரே இருக்கிறவரின் முகம் மாறுவது வேறு. இதில் உண்மையிலேயே பயன் தருவது, அதே தொழிலில் இருக்கும் ஒருவரைச் சில மாதங்களுக்கு வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் திட்டங்கள். அவரால் வேலை வாங்கித் தர முடியாமல் போகலாம், ஆனால் அந்தத் துறையில் எந்தச் சொல்லை எப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்லித்தர முடியும்.

வயதானவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் எங்கள் சமூகத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் விஷயம். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அம்மா அப்பாவை எடுக்கிறார்கள். கியூபெக் தவிர்ந்த இடங்களில் இருபது வருடத்துக்கு அவர்களின் செலவு பிள்ளையின் பொறுப்பு என்று கையெழுத்துப் போடவேண்டும். 2014-க்கு முன்னால் இது பத்து வருடமாக இருந்தது. முதியோர் ஓய்வுப்பணம் கிடைக்கக் குறைந்தது பத்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்களோ சட்டப்படி விருந்தினர், மத்திய அரசின் குடியேற்றச் சேவைகளுக்குள் வரவே மாட்டார்கள். ஊரில் நாலு பேர் வந்து ஆலோசனை கேட்ட மனுசன் இங்கே பேரப்பிள்ளையை பஸ் வரை கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார், மற்ற நேரம் கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் சொந்தக் காசு இல்லை, பஸ் டிக்கெட்டுக்கும் மருமகளிடம் கேட்கவேண்டும். இந்த ஆட்களுக்கு ஸ்காபுறோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் கிழமைக்கு ஒருநாள் கூடும் தமிழ் முதியோர் சங்கங்கள் செய்யும் உதவியைக் கணக்கில் எழுத முடியாது. யோகாசனம், கரம் போர்ட், ஒரு பிளேன் டீ, மருந்துச்சீட்டை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டுவது. ஒருமுறை ஒரு ஐயா சொன்னார்: "செவ்வாய்க்கிழமை எண்டு ஒரு நாள் எனக்கு இருக்கு, மற்ற நாளெல்லாம் பிள்ளையளின்ர நாள்."

எங்கள் ஆட்களே எங்கள் ஆட்களுக்கு உதவுவது எப்போதும் நல்லதுதானா? பெரும்பாலும் ஆம். மொழி, மரியாதை, சொல்லாமலே விளங்கும் சங்கதிகள், இதெல்லாம் வேறு யாராலும் முடியாது. ஆனால் ஒரு இடத்தில் அது திரும்பி அடிக்கும். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண் தமிழ் பேசும் பணியாளரிடம் போகப் பயப்படுவார். "அவ எங்கட ஊர் ஆள், கதை வெளியில போயிடும்" என்ற பயம். அப்படியான நேரத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு சீனப் பெண்ணோ சோமாலியப் பெண்ணோ இருந்து, தொலைபேசியில் பெயர் சொல்லாத மொழிபெயர்ப்பாளர் வருவதுதான் பாதுகாப்பு. இன்னொன்றும் சொல்லவேண்டும். 2012 அக்டோபரிலிருந்து சில வகைத் துணைகளுக்கு ஒரு விதி இருந்தது, ஸ்பொன்சர் செய்தவரோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்று. 2017 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் 'விட்டுப்போனால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்' என்ற மிரட்டல் இன்னும் வீடுகளில் ஓடுகிறது. நிரந்தர வதிவிடம் கையில் இருந்தால், வீட்டை விட்டு வெளியேறியதற்காக அது போகாது. இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு தமிழ்க் கடையிலும் ஒட்டினால் என்ன என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி வைத்தியர் சொல்வதைக் கேட்டுத் தாய்க்குச் சொல்லவேண்டும். பிள்ளைக்குப் பாதி விளங்காது, விளங்கிய பாதியைப் பயத்தில் மறைக்கும். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், பல இடங்களில் தொலைபேசியிலேயே வருவார்கள். ஆனால் கேட்கவேண்டும், கேட்கலாம் என்று யாராவது முதலில் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் 1999-இல் தொடங்கிய ஸ்விஸ் திட்டம், அதாவது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே செட்டில்மென்ட் வேர்க்கரை உட்கார்த்தும் திட்டம், இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம். தாய் எப்படியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். அலுவலகத்தைத் தேடி அவர் போவதற்குப் பதில், அலுவலகம் அவர் வரும் இடத்துக்கு வந்துவிட்டது. நூலகங்களிலும் பிறகு அப்படியே வைத்தார்கள்.

இதற்கெல்லாம் காசு எப்படி வருகிறது? மத்திய குடிவரவு அமைச்சு விண்ணப்பம் கேட்கும், அமைப்புகள் எழுதிப் போடும், சில வருடங்களுக்கு ஒப்பந்தம். வந்தவர் ஒவ்வொருவரின் அடையாள எண்ணையும், அவருக்கு என்ன சேவை, எத்தனை மணி என்பதையும் ஐகேர் என்ற கணினி முறையில் பதியவேண்டும். காசு பொதுக்காசு, கணக்கு வேண்டும்தான். ஆனால் அந்த எண் இல்லாதவருக்குச் செலவழித்த மணித்தியாலம் கணக்கில் ஏறாது. பை நிறையக் கடிதத்தோடு வந்தவருடன் மூன்று மணித்தியாலம் இருந்தாலும் ஒருவர்தான், இருபது பேரை ஒரு அறையில் வைத்து ஒரு மணித்தியாலம் பேசினால் இருபது பேர். எண்ணிக்கை கேட்கிற முறை, ஆழமான வேலையை மெதுவாகக் கொல்லும். இந்த வேலையைச் செய்கிறவர்களில் கனபேர் பெண்கள், தாங்களே குடியேறியவர்கள், சம்பளமும் பெரிதில்லை.

2024 அக்டோபரில் கனடா குடிவரவு எண்ணிக்கையைக் குறைத்தது. 2025-க்கு ஐந்து இலட்சம் என்று முன்னர் சொன்னதை 395,000 என்றார்கள், 2026-க்கு 380,000. எண்ணிக்கை குறைந்தால் அமைப்புகளுக்கு வரும் காசும் குறையும், வேலையாட்களும் குறைவார்கள். கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் இந்த வருடம் உதவி கேட்டு வருகிறவர்கள் இந்த வருடம் விமானத்தில் வந்தவர்கள் மட்டுமில்லை. போன ஐந்து வருடத்தில் பெருந்தொகையாக வந்தவர்கள் இப்போதுதான் பேஸ்மென்டிலிருந்து தலை நிமிர்ந்து படிப்பு, நல்ல வேலை என்று தேடத் தொடங்குகிறார்கள். அகதிகளைப் பொறுப்பெடுக்கிறவர்கள் மத்தியில் 'பதின்மூன்றாம் மாதம்' என்று ஒரு பேச்சு உண்டு. பன்னிரண்டு மாதம் கைபிடித்து நடத்திவிட்டு அடுத்த மாதம் கையை விடுகிற மாதம் அது. நாடே இப்போது அந்த மாதத்துக்குள் போகிறது.

எங்கள் பக்கத்திலும் செய்ய நிறைய இருக்கிறது. ரொறன்ரோவில் எத்தனை ஊர்ச் சங்கங்கள், எத்தனை பழைய மாணவர் சங்கங்கள். வருடா வருடம் மண்டபம் எடுத்து இரவு விருந்து வைத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்புகிறோம், அது நல்ல காரியம். அதே சங்கத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். வரி முகமையின் இலவச வரிக்கணக்குத் திட்டம் 1971-இலிருந்து ஓடுகிறது, பதிவு செய்து பயிற்சி எடுத்துத் தொண்டராகலாம். மார்ச், ஏப்ரலில் நாலு சனிக்கிழமை ஒரு கோயில் மண்டபத்தில் மேசை போட்டால் போதும், படிவம் நிரப்பவே நூறு இருநூறு டாலர் வாங்குகிறவர்களிடம் சனம் போகத் தேவையில்லை.

நீங்கள் புதிதாக வந்தவர் என்றால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது அப்படி இருந்தால், வருமானம் இருக்கோ இல்லையோ வரிக்கணக்குக் கொடுங்கள். கடிதம் வந்தால் உடையுங்கள். கையில் எந்தக் கடதாசி இருந்தாலும் 211 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், காசில்லை. உங்கள் நிலைமைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று அவர்கள் தேடிச் சொல்வார்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் லைனுக்கு வரும் வரை கொஞ்ச நேரம் எடுக்கும். வைத்துவிடாதீர்கள்.